இரண்டாவது சாவி எங்கே?

மோட்டார் சைக்கிள் திருட்டுப் போனால் மனிதன் முதலில் ஓடுவது போலீஸ் நிலையத்துக்கு. அடுத்து ஓடுவது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு.

போலீஸ் நிலையத்தில் வண்டியின் நம்பரைக் கேட்பார்கள். அது மனப்பாடம். உடனே சொல்லிவிடலாம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேறு ஒரு கேள்வி வரும்.

"வண்டி வாங்கும்போது 2 சாவி கொடுத்திருப்பார்களே! இரண்டையும் கொண்டு வந்தீர்களா?"

இந்தக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் இல்லை. ஒரு சாவி சட்டைப் பையில் இருக்கிறது. மற்றொன்று எங்கே?

தம்பியிடம் கொடுத்ததாக அண்ணன் நினைக்கிறார். மெக்கானிக்கிடம் இருப்பதாகத் தம்பி நினைக்கிறார். மெக்கானிக் என்றைக்கோ திருப்பிக் கொடுத்துவிட்டார். அது அரிசிப் பானைக்குப் பின்னால் கிடக்கிறதோ, குப்பையோடு போய்விட்டதோ, யாருக்கும் தெரியாது.

வண்டி இருக்கும்வரை அந்தச் சாவியை யாரும் தேடுவதில்லை. வண்டி போன பிறகு தேடினால் அது கிடைப்பதில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

பிழைப்பே வண்டியில்தான்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டும் முன்பு திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. 1995-ம் ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டம் ஆயிற்று. அதிலிருந்து 2001-ல் அரியலூர் பிரிந்தது. 2002-ல் மீண்டும் சேர்ந்தது. 2007-ம் ஆண்டு நவம்பர் மாதம் மறுபடியும் தனி மாவட்டம் ஆயிற்று. இன்று பெரம்பலூர் வண்டிகளின் நம்பர் டி.என். 46 என்று தொடங்கும். அரியலூர் வண்டிகளின் நம்பர் டி.என். 61 என்று தொடங்கும்.

இந்த வட்டாரத்தில் வேலை ஓர் ஊரில். வீடு வேறு ஊரில்.

செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் விளைகிறது. வேப்பந்தட்டை, குன்னம் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளைகின்றன. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமெண்டு ஆலைகள்.

காட்டுக்கு மருந்து அடிக்கப் போகிறவருக்கு வண்டி வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து ஆலையிலிருந்து திரும்புகிறவருக்கு வண்டி வேண்டும். பால் கேனை ஏற்றிச் செல்ல வேண்டும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். நடுராத்திரியில் பிரசவ வலி வந்தாலும், ஆம்புலன்சு வரும்வரை மருத்துவச்சியையோ உறவினரையோ அழைத்து வர வண்டிதான் ஓடுகிறது. பஸ் வராத ஊரில் வண்டிதான் பஸ்.

அந்த வண்டியின் விலை என்ன? ஓரளவு நல்ல வண்டி என்றால் லட்ச ரூபாயை நெருங்குகிறது. பெரும்பாலோர் கடனில் வாங்குகிறார்கள். மாதத் தவணை கட்டுகிறார்கள்.

வண்டியைத் திருடன் கொண்டுபோனாலும் தவணை நிற்காது! இல்லாத வண்டிக்குப் பணம் கட்ட வேண்டும். வேலைக்குப் போக வேறு வண்டியும் வேண்டும். ஒரே இரவில் அந்தக் குடும்பத்துக்கு இரட்டைச் சுமை.

திருடனுக்கு வசதியான ஊர்

பெரம்பலூரை ஒட்டியே சென்னை-திருச்சி நெடுஞ்சாலை போகிறது. மேற்கே ஆத்தூர் சாலை. கிழக்கே அரியலூர் சாலை. அது திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடும். அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகக் கடலூர் மாவட்டத்துக்கும் போகலாம்.

நல்ல சாலை நல்லவனுக்கும் உதவும், திருடனுக்கும் உதவும். வண்டிக்காரர் டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி நெடுஞ்சாலை ஏறிவிடும். அவர் போலீஸ் நிலையத்துக்குப் போவதற்குள் அது அடுத்த மாவட்டத்தில் இருக்கும்.

திருட்டு எங்கே நடக்கிறது? கூட்டம் உள்ள இடத்தில் நடக்கிறது.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவிலில் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் கூட்டம் கூடும். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஐப்பசி மாதப் பவுர்ணமி அன்று அன்னாபிஷேகம் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வருவார்கள். சாமி கும்பிட வந்தவரின் மனம் சன்னதியில் இருக்கும். வண்டி வேலி ஓரத்தில் இருக்கும்.

ஆஸ்பத்திரி வாசல், பாங்கி வாசல், வாரச் சந்தை, திருமண மண்டபம், பஸ் நிலையம் எல்லாம் இப்படித்தான். நூறு வண்டிகளுக்கு நடுவே ஒருவன் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அவனுடைய வண்டிதான் என்று நினைக்கிறார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. "அண்ணே, சைடு லாக் போடாதீங்க. ஒதுக்கி நிறுத்தணும்" என்று வண்டி நிறுத்துகிற இடத்தில் சொல்வார்கள். சில இடங்களில் "சாவியை வண்டியிலேயே விட்டுட்டுப் போங்க" என்றும் சொல்வார்கள். அங்கே சீட்டுக் கொடுத்து, ஆள் நின்று காவல் காத்தால் சரி. சீட்டும் இல்லை, காவலும் இல்லை என்றால் அந்தச் சொல்லைக் கேட்கக் கூடாது.

கடை வாசலில் வண்டியை நிறுத்துகிறார்கள். "ஒரு நிமிஷம்தானே" என்று சாவியை வண்டியிலேயே விட்டு இறங்குகிறார்கள். திருடனுக்கும் அந்த ஒரு நிமிடம் போதும்.

சாவி மட்டும் போதுமா?

பழைய வண்டிகளின் சாவி வெறும் இரும்புத் துண்டுதான். பள்ளமும் மேடும் பொருந்தினால் பூட்டு திறக்கும். பல ஆண்டு ஓடிய வண்டியில் பூட்டும் தேய்ந்துவிடும்; சாவியும் தேய்ந்துவிடும். ஒரு வண்டியின் சாவி இன்னொரு வண்டியைத் திறப்பதைப் பலர் கண்டிருப்பார்கள். சைடு லாக் நல்லதுதான். ஆனால் முரடன் ஒருவன் பலத்தைக் காட்டினால் அது வெகுநேரம் தாங்காது.

இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். சாவியின் தலைக்குள் ஒரு சின்னச் சில்லு வைத்தார்கள். சாவி போட்டதும் வண்டி அந்தச் சில்லைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்கும். சில்லு சரியான பதில் சொன்னால்தான் என்ஜின் ஓடும். இல்லாவிட்டால் பூட்டு திறந்தாலும் என்ஜின் ஓடாது. இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். வண்டியை நகரவிடாமல் செய்வது என்று பொருள்.

இதன் அருமையை அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது.

ஐரோப்பிய நாடுகளில் 1998-ம் ஆண்டு முதல் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயம். கனடாவில் 2007-ம் ஆண்டு முதல் கட்டாயம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. அங்கே விற்ற கியா, ஹூண்டாய் கார்களில் பலவற்றில் இந்தக் கருவி வைக்கப்படவில்லை. அந்தக் கார்களைத் திருடுவது எளிது என்று காட்டும் வீடியோக்கள் 2022-ம் ஆண்டில் சமூக ஊடகங்களில் பரவின. ஊர் ஊராகக் கார்கள் களவு போயின. சிறுவர்கள்கூடத் திருடினார்கள். விபத்துக்கள் நடந்தன. உயிர்கள் போயின.

கார் சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2023-ம் ஆண்டு மே மாதம், சுமார் 20 கோடி டாலர் அளவுக்கு ஈடு கொடுக்க அந்தக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டன.

கனடாவில் அதே கம்பெனிகளின் கார்களில் இம்மொபிலைசர் இருந்தது. அதனால் இந்த வித்தையால் அங்கே கார்களை ஓட்டிக்கொண்டு போக முடியவில்லை. ஒரு சின்னச் சில்லு உள்ள காரும் இல்லாத காரும் எப்படி வேறுபடுகின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சாவி போடாமலே ஓடும் வண்டி

இப்போது அடுத்த படி வந்துவிட்டது. சாவித் துவாரமே இல்லாத வண்டிகள் ஓடுகின்றன.

2023-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஹோண்டா கம்பெனி ஆக்டிவா ஸ்கூட்டரில் இந்தச் சாவியைக் கொண்டு வந்தது. 2024-ம் ஆண்டு யமஹா கம்பெனி ஏராக்ஸ் ஸ்கூட்டரில் கொண்டு வந்தது. வேறு கம்பெனிகளும் கொண்டு வந்திருக்கின்றன. பேட்டரி ஸ்கூட்டர்கள் சிலவற்றைச் செல்போனாலேயே திறக்கலாம்.

இந்தச் சாவி பார்ப்பதற்குச் சிறியது. அதற்குள் நாணயம் போன்ற ஒரு பேட்டரி. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டி அருகே போனால் போதும். வண்டியும் சாவியும் வானொலி அலையால் பேசிக்கொள்ளும். ஆக்டிவா ஸ்கூட்டரில் சாவி சுமார் 2 மீட்டர் தூரத்துக்குள் இருந்தால் குமிழைத் திருப்பி வண்டியை எடுக்கலாம். சாவி தூரத்தில் இருந்தால் வண்டி ஓடாது. கூட்டத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாவிட்டால் சாவியின் பொத்தானை அழுத்தலாம். வண்டியின் விளக்குகள் சிமிட்டிக் காட்டும்.

நல்ல சாதனம்தான். கள்ளச்சாவி வெட்டுவது நடக்காது. ஒயரை ஒட்டவைத்து ஓட்டுவதும் எளிதல்ல.

ஆனால் இதற்கும் பலவீனம் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர் ஏமாந்துபோவார்.

ஆணியில் தொங்கும் ஆபத்து

நம் வீடுகளில் சாவியை எங்கே மாட்டுகிறோம்? வாசற்கதவுக்குப் பக்கத்தில், சுவரில் ஓர் ஆணி. அதில் மாட்டுகிறோம். வண்டி எங்கே நிற்கிறது? அதே சுவருக்கு வெளியே, தாழ்வாரத்தில் நிற்கிறது. நடுவே ஒரு செங்கல் சுவர்தான்.

இரும்புச் சாவிக்கு இந்த ஏற்பாடு சரி. வானொலிச் சாவிக்குச் சரியல்ல. வானொலி அலை செங்கல் சுவரைத் தாண்டும். சாவி 2 மீட்டருக்குள் இருந்தால், சொந்தக்காரர் பக்கத்தில் நிற்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். உள்ளே அவர் தூங்குகிறார். வெளியே வண்டி யாருக்கு வேண்டுமானாலும் திறக்கும்!

ஆகவே இந்தச் சாவியை வாசல் சுவரில் மாட்டக் கூடாது. வீட்டின் உள்ளறையில் வைக்க வேண்டும். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைப்பது இன்னும் நல்லது. உலோகம் அலையைப் பெரும்பாலும் தடுத்துவிடும். சில சாவிகளை ஒரு பொத்தானை அழுத்தி அணைத்து வைக்கலாம். அணைத்துவிட்டால் அது வண்டியோடு பேசாது. வண்டி வாங்கும்போதே அணைக்கிற முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெளிநாடுகளில் கார்த் திருடர்கள் இன்னொரு தந்திரமும் செய்கிறார்கள். 2 பேர் வருவார்கள். ஒருவன் வீட்டுச் சுவர் அருகே ஒரு கருவியோடு நிற்பான். மற்றவன் காரின் அருகே நிற்பான். சாவியின் அலையை அந்தக் கருவி வாங்கிக் காருக்குக் கடத்தும். தூரத்தில் உள்ள சாவி பக்கத்தில் இருப்பதாகக் கார் ஏமாந்துவிடும். சாவி டப்பாவுக்குள் இருந்தால் இந்தத் தந்திரமும் பெரும்பாலும் பலிக்காது.

சாவியை இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதைவிடத் தவறு வேறு இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை வாசற்படியில் வைத்ததற்குச் சமம்.

எந்தச் சாவி இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது. 2 பேர் சேர்ந்தால் வண்டியைத் தூக்கிச் சின்ன லாரியில் ஏற்றிவிடலாம். அதற்கு எந்தச் சாவியும் வேண்டாம். அதனால் இரவில் வண்டியைத் தூணோடு சேர்த்துக் கனமான சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். சக்கரத்தில் போடும் பூட்டும் நல்லது. புது நாகரிகச் சாவி வந்துவிட்டது என்று பழைய சங்கிலியைத் தூக்கி எறியக் கூடாது!

இரண்டாவது சாவி ஒரு பத்திரம்

வண்டியோடு 2 சாவி வருகிறது. இரண்டாவது சாவியைப் பலர் உபரி என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பத்திரம். ஆர்.சி. புத்தகத்துக்கு உள்ள மதிப்பு அதற்கும் உண்டு.

திருட்டுக்கு ஈடு கேட்டுப் போனால், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வழக்கமாக 2 அசல் சாவிகளையும் கேட்கின்றன. ஏன் கேட்கின்றன? வண்டியை விற்றுவிட்டுக் களவு போனதாகப் பொய் சொல்கிறவர்கள் உலகில் உண்டு. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு அதை மறைக்கிறவர்களும் உண்டு. 2 சாவியும் கையில் இருந்தால் அந்தச் சந்தேகம் எழாது.

ஒரு சாவி இல்லை என்றால் கேள்வி மேல் கேள்வி வரும். யோக்கியமான மனிதர்கூடக் குற்றவாளிபோல் நின்று பதில் சொல்ல வேண்டும். பணம் தாமதமாகும், குறையும், கிடைக்காமலும் போகலாம்.

சாவி தொலைந்துவிட்டால் என்ன செய்வது? சும்மா இருக்கக் கூடாது. தமிழ்நாடு போலீசாரின் இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களைப் பதிவு செய்ய வசதி இருக்கிறது. சாவிக்கு, போலீஸ் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டும். பழைய இரும்புச் சாவி என்றால் பூட்டையே மாற்றிவிட வேண்டும். கடைகளில் 'லாக் செட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். அந்தப் பில்லைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

வானொலிச் சாவி தொலைந்தால் கம்பெனிப் பட்டறைக்குப் போக வேண்டும். புதுச் சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்துவார்கள். தொலைந்த சாவியை வண்டி மறந்துபோகும்படியும் செய்யச் சொல்ல வேண்டும். இந்தச் சாவியின் விலை அதிகம். பஸ் நிலையத்து நிழலில் உட்கார்ந்து சாவி வெட்டுகிறவரிடம் இது கிடைக்காது. 2 சாவியையும் தொலைத்துவிட்டால் செலவு இன்னும் கூடும்.

புதுச் சாவியோடு ஒரு சின்னத் தகடோ அட்டையோ வரும். அதில் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு புதுச் சாவி செய்யலாம். பலர் அந்தத் தகட்டைச் சாவி வளையத்திலேயே தொங்க விடுகிறார்கள். அது பணப்பெட்டிச் சாவியைப் பெட்டி மேலேயே வைப்பது போன்றது. அதைக் கழற்றி வீட்டில் வைக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவரும் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு சாவி கொடுத்து, "இன்னொன்று தொலைந்துபோச்சு தம்பி" என்று சொன்னால், அந்தத் தொலைந்த சாவி யார் கையில் இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? அன்றே பூட்டை மாற்றிவிட வேண்டும்.

ஐந்து வருட இன்ஷூரன்ஸ் என்னும் மயக்கம்

"நம் வண்டிக்கு 5 வருட இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்று பலர் தைரியமாக இருக்கிறார்கள். இதில் ஒரு மயக்கம் இருக்கிறது.

சுப்ரீம் கோர்ட்டு உத்தரவின்படி 2018-ம் ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி முதல், புதிய இரு சக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு இன்ஷூரன்ஸ் கட்டாயம் ஆயிற்று. அது யாருக்கு? வண்டி மோதி அடிபடுகிற மூன்றாவது மனிதருக்கு. வண்டி திருடு போனால் அந்த இன்ஷூரன்சில் ஒரு காசும் கிடைக்காது!

திருட்டுக்கு ஈடு வேண்டும் என்றால் சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியும் நடப்பில் இருக்க வேண்டும். புது வண்டியில் அது பெரும்பாலும் 1 ஆண்டுக்குத்தான் இருக்கும். பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பலர் இரண்டாவது ஆண்டே விட்டுவிடுகிறார்கள். பாலிசித் தாளில் 2 தேதிகள் இருக்கும். இரண்டையும் படிக்க வேண்டும். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்ல வேண்டும்.

வண்டியைக் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்பதும் பாலிசியின் நிபந்தனை. ஒரு லாரி திருட்டு வழக்கில், சாவி வண்டியிலேயே விடப்பட்டது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி வாதாடியது. 2023-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு 75 சதவீதத் தொகை கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. சொந்தக்காரருக்குக் கால் பங்கு போயிற்று. அந்த முக்கால் பங்கைப் பெறவும் சுப்ரீம் கோர்ட்டு வரை போக வேண்டி இருந்தது!

திருட்டுப் போனால் செய்ய வேண்டியது

வண்டி காணவில்லை என்றால் ஒரு நாள் தேடிப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே 112 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். போலீஸ் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும்.

போலீஸ் நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். என்ற ரசீது கொடுப்பது உண்டு. புகார் வந்தது என்பதற்கு அது அடையாளம். அதை மட்டும் வைத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்பது எப்.ஐ.ஆர். அதாவது முதல் தகவல் அறிக்கை.

2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். குற்றம் நடந்த இடம் எங்கள் எல்லை அல்ல என்று திருப்பி அனுப்பக் கூடாது. இணையம் மூலமாகவும் புகார் அனுப்பலாம். அப்படி அனுப்பினால் 3 நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். புகாரை வாங்க மறுத்தால், மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டுக்குத் தபாலில் அனுப்பலாம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். கடன் கொடுத்த கம்பெனிக்கும் தெரிவிக்க வேண்டும்.

போலீசில் உடனே புகார் கொடுப்பதன் அருமையை ஒரு டிராக்டர் வழக்கு காட்டுகிறது. டிராக்டர் திருட்டுப் போன அன்றே விவசாயி போலீசில் புகார் செய்தார். ஆனால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 52 நாள் கழித்துத்தான் தெரிவித்தார். தாமதம் என்று சொல்லிக் கம்பெனி பணம் தர மறுத்தது. 2020-ம் ஆண்டு ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு விவசாயியின் பக்கம் தீர்ப்புக் கூறியது. போலீசில் உடனே புகார் கொடுத்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டிப் பணத்தை மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பு.

வண்டி கிடைக்கவே இல்லை என்றால், கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீசார் தரும் அறிக்கையையும் வாங்கிக் கொடுக்க வேண்டும்.

வாங்குகிறவன் இருப்பதால் திருடன் இருக்கிறான்

திருடிய வண்டியைத் திருடன் வீட்டில் வைத்துப் பூசை செய்வதில்லை. விற்கிறான். "ஆர்.சி. புத்தகம் அப்புறம் தருகிறேன்" என்று சொல்லிப் பாதி விலைக்குத் தருகிறான். ஆசைப்பட்டு ஒருவர் வாங்குகிறார். அந்த ஆசைதான் அடுத்த திருட்டுக்கு விதை.

திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆட்களையோ சரக்கையோ ஏற்றிச் செல்லப் பயன்படும் வாகனத்தைத் திருடினால் 7 ஆண்டு வரை தண்டனை கொடுக்க இப்போதைய சட்டத்தில் இடம் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குகிறவருக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

பழைய வண்டி வாங்கும்போது என்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நம்பர் சுரண்டப்பட்டிருந்தால் வாங்கக் கூடாது. 2019-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் விற்ற புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பலகை கட்டாயம். அதில் லேசரால் பொறித்த ஓர் எண் இருக்கும். ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாது. அந்த வயது வண்டியில் சாதாரணப் பலகை இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஒரு வண்டி போலீஸ் பதிவேட்டில் திருட்டு வண்டியாக இருக்கிறதா என்று பார்க்கத் தேசியக் குற்றப் பதிவுத் துறை இணைய வசதி செய்திருக்கிறது.

கம்பெனிகளின் கடமை

மக்கள் மட்டும் கவனமாக இருந்தால் போதாது.

வண்டிக் கம்பெனிகள் இம்மொபிலைசரை விலை கூடிய வண்டிகளுக்கு மட்டும் வைப்பது நியாயமா? குறைந்த விலை வண்டி வாங்குகிற ஏழைக்குத்தான் திருட்டின் அடி பலமாக விழுகிறது. பணக்காரர் வேறு வண்டி வாங்கிக்கொள்வார். கூலி வேலை செய்கிறவர் நடந்து போவார். ஆகவே எல்லா வண்டிகளிலும் இந்தக் கருவி வரவேண்டும். கார்களுக்கு ஐரோப்பாவில் 1998-லேயே இது கட்டாயம் ஆயிற்று. மோட்டார் சைக்கிள் நிறைந்த நம் நாடு மோட்டார் சைக்கிளுக்கு அப்படிச் செய்தால் என்ன?

வண்டி விற்கும் கடைக்காரர்கள் மாலை போட்டு, போட்டோ எடுத்து, இனிப்புக் கொடுக்கிறார்கள். நல்லது. அதோடு 5 நிமிடம் ஒதுக்கி, சாவியை எங்கே வைக்க வேண்டும், எப்படி அணைக்க வேண்டும் என்று தமிழில் சொல்லிக் கொடுக்கட்டும்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் ஒன்று செய்ய வேண்டும். "2 சாவியையும் பத்திரமாக வையுங்கள். இல்லாவிட்டால் ஈடு கிடைப்பதில் சிக்கல் வரும்" என்று பாலிசியின் முதல் பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். பணம் வாங்கும்போது சொல்லாத நிபந்தனையைப் பணம் கொடுக்கும்போது சொல்வது தர்மம் ஆகாது.

ஆஸ்பத்திரியிலும் பஸ் நிலையத்திலும் கோவிலிலும் வண்டி நிறுத்துவதற்குக் காவலும் சீட்டும் வேண்டும். கேமரா மாட்டினால் மட்டும் போதாது. அது வேலை செய்கிறதா என்று பார்க்கவும் ஆள் வேண்டும்.

இன்றைக்கே செய்யலாம்

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் செய்யக் கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி. வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். இரண்டாவது சாவியைத் தேடி எடுங்கள். ஓர் உறையில் போடுங்கள். எண் பொறித்த தகட்டையும், ஆர்.சி.யின் நகலையும், பாலிசியின் நகலையும் அதே உறையில் போடுங்கள். உறையின் மேல் வண்டி நம்பரையும் இன்ஷூரன்ஸ் முடியும் தேதியையும் எழுதுங்கள். நகையும் பத்திரமும் இருக்கும் பெட்டியில் வையுங்கள்.

அந்த உறை எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிய வேண்டும். வெளியில் உள்ள யாருக்கும் தெரியக் கூடாது.

தேடியும் சாவி கிடைக்காவிட்டால், மறுநாள் திங்கட்கிழமை. கடைகள் திறந்திருக்கும். பூட்டை மாற்றிவிடுங்கள்.